சுருக்கு சார் எழுதிய வரி

ஜூன் 9

அன்புள்ள பாப்பாவுக்கு,

அண்ணி எழுதுகிறேன். இங்கே நாங்கள் இருவரும் சுகம். நீ எப்படி இருக்கிறாய்? முழங்கால் வலி என்றாயே, குறைந்ததா? நாற்பத்து நான்கு வயதுக்காரியைப் பாப்பா என்று எழுத எனக்கே சிரிப்பு வருகிறது. ஆனால் இந்த வீட்டில் உனக்கு வேறு பேர் கிடையாதே.

கல்யாணமாகி வந்த நாள் முதல் உனக்கு நான் எழுதும் முதல் கடிதம் இதுதான் என்று நினைக்கிறேன். ஒரு காரியமாகத்தான் எழுதுகிறேன், அதை மறைப்பானேன். உன் அண்ணனுக்குக் கண்ணில் கொஞ்சம் கோளாறு. எழுத்து மங்குகிறது என்கிறார். பரீட்சைச் சுருக்கப் புத்தகம் இந்த வருஷமும் நேரத்துக்கு அச்சுக்குப் போக வேண்டும். பாடத்திட்டம் வேறு மாறிவிட்டதாம். இயற்பியல், வேதியியல், உயிரியல், கணக்குப்பதிவு, வணிகம், கணினி எல்லாவற்றையும் புதிதாக எழுத வேண்டும். கணினிப் பகுதியை மட்டும் நீ எழுதித் தர முடியுமா? பள்ளிக்கூடத்தில் நீ நடத்துவது அதைத்தானே. வழக்கம்போல் நான் படியெடுத்துக் கொடுத்துவிடுகிறேன்.

பதிப்பகத்துக்காரருக்கு இது தெரிய வேண்டாம். அட்டையில் ‘சுருக்கு சார்’ என்று போட்டு விற்கிற புத்தகத்தை இன்னொருவர் எழுதினார் என்றால் நன்றாக இருக்காது. உன் அண்ணனிடமும் இதைப் பற்றிக் கேட்காதே, மனசு ஒரு மாதிரி ஆகிவிடுவார். தொலைபேசியிலும் கூப்பிட வேண்டாம். அது அவர் நாற்காலிக்குப் பக்கத்திலேயே இருக்கிறது.

உடம்பைப் பார்த்துக்கொள்.

அண்ணி


ஜூன் 21

அன்புள்ள அண்ணிக்கு,

வணக்கம். நான் சுகம். விடுதியில் மூன்றாம் மாடியில் அறை கொடுத்திருக்கிறார்கள், பிறகு முழங்கால் வலி எப்படிக் குறையும்? அண்ணன் உடம்பும் உங்கள் உடம்பும் எப்படி இருக்கின்றன?

உறைமேல் உங்கள் கையெழுத்தைப் பார்த்ததும் யாருக்கோ என்னவோ ஆகிவிட்டது என்று பயந்துதான் பிரித்தேன். கண் கோளாறு என்று படித்ததும் அப்பாடா என்றிருந்தது. கோபித்துக்கொள்ளாதீர்கள்.

இந்தக் கணினிப் பகுதியை நான் எழுதித் தருகிறேன் என்று சில வருஷங்களுக்கு முன்னால் நானே அண்ணனிடம் கேட்டேன். “நீ எழுதினா அது சுருக்கம் இல்ல பாப்பா, தொடர்கதை” என்று சொல்லிச் சிரித்தார். நீங்களும் சேர்ந்து சிரித்தீர்கள். எனக்கு அது மறக்கவில்லை. ஆனாலும் தான் ஆடாவிட்டாலும் தன் தசை ஆடும் என்பார்கள். எழுதி இத்துடன் அனுப்பியிருக்கிறேன்.

இங்கே மேல் வகுப்புப் பிள்ளைகள் பை ஒவ்வொன்றிலும் அந்தப் புத்தகம் இருக்கிறது. வருஷா வருஷம் வகுப்பு வகுப்பாகப் போய் வாங்கச் சொல்வது நான்தான். எழுதியது என் அண்ணன் என்று சொல்லிக்கொள்வதில் ஒரு பெருமை.

கண்ணுக்கு நல்ல மருத்துவராகப் பாருங்கள். அண்ணனை எனக்கு இரண்டு வரி எழுதச் சொல்லுங்கள். கோழிக் கிறுக்கலானாலும் பரவாயில்லை.

பாப்பா


ஜூலை 5

அன்புள்ள பாப்பாவுக்கு,

நலம். நீயும் நலமாக இருக்க வேண்டும். பார்சல் வந்து சேர்ந்தது. முழங்காலுக்குச் சூடாக ஒத்தடம் கொடு, மாடி ஏறுவதைக் குறை.

நீ எழுதியதைப் பார்த்தால் உன் அண்ணன் சொன்னதில் தப்பில்லை என்றுதான் தோன்றுகிறது. ஒரு பாடத்துக்கு நாலு பக்கம் எழுதியிருக்கிறாய். ஒரு பாடம், ஒரு பக்கம்: அதுதான் அவர் கணக்கு. “பரீட்சைக்கு முந்தின நாள் பையனுக்கு வேண்டியது கைப்பிடி, மாடிப்படி இல்ல” என்பார். பஸ்ஸில் நின்றுகொண்டே படிக்க முடியாவிட்டால் அது சுருக்கமே இல்லையாம். கொஞ்சம் வெட்டி அனுப்பு. அப்படியே வேதியியலையும் இயற்பியலையும் ஒரு பார்வை பார்த்துத் தர முடியுமா? கணக்குப்பதிவைப் பழைய புத்தகத்திலிருந்து நானே எடுத்துவிடுகிறேன். பற்று எது வரவு எது என்பது இருபது வருஷம் படியெடுத்ததில் கைக்கே பழகிவிட்டது.

அவரே எழுதலாம் என்றுதான் இருந்தார். கண்ணுக்குச் சொட்டு மருந்து போட்டிருப்பதால் முடியவில்லை.

ஒரு வேடிக்கை கேள். டியூஷன் சென்டரில் போன மாதம் ஒரே பாடத்தை மூன்று நாள் தொடர்ந்து நடத்தியிருக்கிறார். பிள்ளைகள் ஒருத்தரும் வாயைத் திறக்கவில்லை. சார் மூன்று முறை நடத்துகிறார் என்றால் இது கேள்வித்தாளில் நிச்சயம் வரும் என்று மூன்று நாளும் எழுதிக்கொண்டார்களாம். இப்போது கொஞ்ச நாள் ஓய்வெடுக்கச் சொல்லியிருக்கிறார்கள்.

அண்ணி


ஜூலை 29

அன்புள்ள அண்ணிக்கு,

அங்கே எல்லோரும் சுகம்தானே? என் சுகத்தைப் பற்றி எழுத இன்று கை வரவில்லை.

போன வாரம் எங்கள் ஆய்வுக்கூடத்தில் பதினோராம் வகுப்புப் பெண் ஒருத்தியின் முகத்தில் அமிலம் தெறித்துவிட்டது. அடர் கந்தக அமிலம். யாரோ கூப்பிட்டார்கள் என்று ஆசிரியர் வெளியே போயிருக்கிறார். இவள் சுறுசுறுப்பானவள். அவர் வருவதற்குள் கலந்து வைத்துவிடலாம் என்று, பாதுகாப்புக் கண்ணாடிகூட மாட்டாமல், அமிலம் இருந்த குவளையில் தண்ணீரை ஊற்றியிருக்கிறாள். அப்படி ஊற்றினால் அந்தச் சூட்டில் தண்ணீர் கொதித்துச் சீறும், அமிலத்தையும் வாரி மேலே அடிக்கும். தண்ணீரில்தான் அமிலத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக விட வேண்டும். வேதியியலில் பால பாடம் அது.

மறுநாள் அவளுடைய அப்பா வந்தார். வெல்டிங் பட்டறைக்காரர். சத்தம் போடுவார் என்று நாங்கள் எல்லோரும் ஒதுங்கி நின்றோம். அவர் சத்தம் போடவில்லை. பையிலிருந்து ஒரு புத்தகத்தை எடுத்துப் பிரித்து என் மேஜைமேல் வைத்தார்.

“இதுல போட்டிருக்கிறபடிதான் செஞ்சேன்னு சொல்றா டீச்சர். நான் படிக்காதவன். நீங்க படிச்சுப் பார்த்து இது சரியா தப்பான்னு மட்டும் சொல்லுங்க.”

அண்ணனுடைய புத்தகம், போன வருஷத்துப் பதிப்பு. ‘அமிலத்தில் நீரைச் சிறிது சிறிதாகச் சேர்க்கவும்’ என்று இருக்கிறது. நான் தப்பு என்றேன். அவர் தலையை ஆட்டிவிட்டு, “நான் பொழுதன்னைக்கும் நெருப்பு முன்னாடி நிக்கிறவன். என் கண்ணுக்கு ஒண்ணும் ஆகல” என்று சொன்னார். யார் எழுதியது என்று கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை.

எழுத்து மாறியிருந்தால் அச்சுப் பிழை எனலாம். இங்கே வாக்கியமே தலைகீழாக நிற்கிறது. அண்ணன் தூக்கத்தில்கூட இப்படி எழுத மாட்டார். இது எப்படி வந்தது? உடனே பதில் போடுங்கள்.

பாப்பா


ஆகஸ்ட் 31

அன்புள்ள அண்ணிக்கு,

நலமா? என் கடிதம் கிணற்றில் போட்ட கல்லாகக் கிடக்கிறது. கிடைக்கவில்லை என்று நினைக்கவும் முடியவில்லை. அதே வாரம் தனியாக அனுப்பிய வேதியியல் பார்சலுக்குத் தபால் ரசீதில் உங்கள் கையெழுத்து இருக்கிறது.

அந்தப் பெண்ணுக்கு ஒரு கண் போய்விட்டது. இன்னொன்று தப்பியது. ஆய்வக ஆசிரியரை வேலையிலிருந்து நிறுத்தி வைத்திருக்கிறார்கள். புத்தகம் என் அண்ணனுடையது என்பது தலைமையாசிரியருக்குத் தெரியும். அவர் என்னிடம் எதுவும் கேட்பதில்லை. அதுதான் தாங்கவில்லை.

பொறுக்க மாட்டாமல் நேற்று தொலைபேசியில் கூப்பிட்டேன். அண்ணனே எடுத்தார். “பாப்பா, முழங்கால் எப்படி இருக்கு?” என்று கேட்டார். எனக்கு எவ்வளவு சந்தோஷம் தெரியுமா? வலியைப் பற்றி எல்லாம் சொன்னேன். கொஞ்சம் பேசிவிட்டு மறுபடியும், “முழங்கால் எப்படி இருக்கு?” என்றார். விளையாட்டு என்று நினைத்துச் சிரித்தேன். மூன்றாம் தடவையும் அதே குரலில், அதே அக்கறையோடு கேட்டார். நான் அமிலத்தைப் பற்றிப் பேச்செடுக்காமலே வைத்துவிட்டேன்.

அண்ணனுக்குக் கோளாறு கண்ணில்தானா, அண்ணி?

பாப்பா


செப்டம்பர் 8

அன்புள்ள பாப்பாவுக்கு,

நலம் என்று வழக்கப்படி ஆரம்பிக்கத்தான் வந்தேன். இந்தத் தடவை அது வேண்டாம்.

கண்ணுக்கு ஒன்றுமில்லை. ஞாபகம் அழிகிற நோய். முதியவர்களுக்கு வருவது இவருக்கு ஐம்பத்திரண்டிலேயே வந்துவிட்டது என்றார் மருத்துவர். நூறிலிருந்து ஏழு ஏழாகக் கழித்துச் சொல்லுங்கள் என்றார். கணக்குப்பதிவு நடத்துகிறவர் எண்பத்தாறில் நின்றுவிட்டார். நின்று, என்னைத் திரும்பிப் பார்த்தார், பக்கத்துப் பெஞ்சுப் பையனைப் பார்க்கிற மாதிரி. எனக்குத் தெரிந்திருந்தால் சொல்லிக் கொடுத்திருப்பேன் பாப்பா.

சில நாள் நன்றாக இருக்கிறார். சில நாள் என்னை, “ஏங்க, நீங்க சாப்பிட்டீங்களா?” என்று கேட்கிறார். கட்டின பெண்டாட்டியை நீங்க வாங்க என்று கூப்பிடுகிற அளவுக்கு எப்போது மரியாதை வந்தது என்று முதலில் கேலிகூடச் செய்தேன். யாரோ வீட்டுக்கு வந்தவள் என்று நினைத்துத்தான் கேட்கிறார் என்பது பிறகுதான் புரிந்தது.

அந்த வரியைப் பற்றிக் கேட்டாய். அவர் நடந்துகொண்டே சொல்வார், நான் எழுதுவேன். என்றைக்கும் அப்படித்தான். எழுதி முடித்த பிறகு சிவப்புப் பேனாவோடு உட்கார்ந்து வரிவரியாகப் பார்ப்பார். போன வருஷம் எதையும் பார்க்காமல் பக்கத்துக்குப் பக்கம் கையெழுத்து மட்டும் போட்டார். களைப்பாக இருக்கிறார் என்று நினைத்தேன். பத்தாவதோடு நின்றவளுக்கு எதில் எதை ஊற்ற வேண்டும் என்று என்ன தெரியும்?

அந்தப் பெண்ணை நினைத்தால் சோறு இறங்கவில்லை. ஆனால் ஒன்று கேட்கிறேன். பதிப்பகத்துக்காரரிடம் சொல்லிவிடாதே. புதுப் பதிப்பில் அந்த வரியை நானே மாற்றிவிடுகிறேன். பிள்ளை இல்லாத வீட்டில் வருஷத்துக்கு ஒருமுறை பிறந்தது அந்தப் புத்தகம்தான். சுருக்கு சாருக்குப் புத்தி பேதலித்துவிட்டது என்று ஊர் பேச ஆரம்பித்தால், அவருக்கு மிச்சமிருக்கிற நல்ல நாள்களும் போய்விடும். உன்னைக் கெஞ்சிக் கேட்கிறேன்.

அண்ணி


செப்டம்பர் 17

அன்புள்ள அண்ணிக்கு,

உங்கள் கடிதத்தைப் படித்துவிட்டு விடுமுறை சொல்லிவிட்டு அறையிலேயே கிடந்தேன். இவ்வளவையும் தனியாகச் சுமந்தீர்களா? நான் பழைய சிரிப்பைப் பெரிய குற்றமாக வைத்து உங்களுக்குக் கடிதம் எழுதிக்கொண்டிருந்தேன்.

ஆனால் நீங்கள் கேட்டதை என்னால் செய்ய முடியாது. புதுப் பதிப்பில் திருத்தலாம். பழைய பதிப்பு எத்தனை ஊரில் எத்தனை பையில் கிடக்கிறது? போன வருஷம் பதினோராம் வகுப்பில் வாங்கியவர்களுக்குத்தான் வருகிற பிப்ரவரியில் செய்முறைத் தேர்வு. அவர்கள் யாரும் புதுசு வாங்கப் போவதில்லை. இன்னொரு பிள்ளை அந்தப் பக்கத்தைத் திறந்து வைத்துக்கொண்டு தண்ணீரைக் கையில் எடுப்பாள்.

வெல்டிங்காரர் வாரம் ஒருமுறை பள்ளிக்கு வருகிறார். மகள் விட்ட பாடங்களைக் கேட்டு எழுதிக்கொண்டு போகிறார். நேற்று அவரிடம் எழுதியது என் அண்ணன் என்று சொன்னேன். “அவருக்குத் தெரியுமா?” என்று மட்டும் கேட்டார். தெரியாது என்றேன்.

இன்றைய தபாலில் பதிப்பகத்துக்காரருக்கும் எழுதிவிட்டேன். நோயையும் சேர்த்தே எழுதினேன். மறைத்தால் அலட்சியமாக எழுதினார் என்றாகிவிடும்.

விடுமுறைக்கு வரட்டுமா? வந்தால் வீட்டுக்குள் விடுவீர்களா?

பாப்பா


நவம்பர் 4

பாப்பாவுக்கு,

நீ நினைத்தது நடந்துவிட்டது. பதிப்பகத்துக்காரர் வீட்டுக்கு வந்தார்.

உன் அண்ணனுக்கு அது நல்ல நாள். சட்டை மாற்றிக்கொண்டு கூடத்தில் உட்கார்ந்திருந்தார். வந்தவர் அவரிடம் ஒன்றும் கேட்காமல், அவர் முன்னாலேயே, அவர் இல்லாத மாதிரி என்னிடம் பேசினார். கடையிலும் கிடங்கிலும் இருக்கிற புத்தகத்துக்குத் திருத்தச் சீட்டு ஒட்டிவிடுவாராம். “வித்ததை எல்லாம் திரும்ப வாங்க ஆரம்பிச்சா நான் கடையை மூட வேண்டியதுதாம்மா. ஒரு வரிதானே?” என்றார். இனி எழுத வேறு ஆள் வைத்துவிட்டாராம். சுருக்கு சார் என்கிற பேர் மட்டும் அட்டையில் அப்படியே இருக்குமாம்.

பேசிக்கொண்டே அந்தப் பக்கத்தைப் பிரித்துக் காட்டினார். உன் அண்ணன் கையை நீட்டி வாங்கிப் படித்தார். படித்ததும் எழுந்துவிட்டார்.

“எந்த மடையன் எழுதினான் இதை? பசங்க கையில குடுக்கிற புத்தகமா இது? ஒரு புள்ளைக்குக் கண்ணு போச்சுன்னா இவன் குடுப்பானா?”

பதிப்பகத்துக்காரர் செருப்பை மாட்டிக்கொண்டார். நான் அடுப்படிக்குப் போய்விட்டேன். அவன் பேரைச் சொல்லு, அவன் பேரைச் சொல்லு என்று பொழுது சாயும்வரை என் பின்னாலேயே வந்தார். தெரியலைங்க என்றேன். எத்தனை தடவை சொல்வது?

இதைக் கேட்க வைக்கத்தான் எழுதினாயா? விடுமுறைக்கு வர வேண்டாம். கடிதமும் வேண்டாம்.

அண்ணி


நவம்பர் 15

அன்புள்ள அண்ணிக்கு,

எழுதாதே என்றீர்கள். இது ஒன்றை மட்டும் எழுதிவிட்டு நிறுத்திக்கொள்கிறேன்.

திருத்தச் சீட்டு ஒட்டுவது போதாது. எங்கள் பள்ளியில் ஒவ்வொரு வகுப்பாகப் போய் அந்த வரியை அடிக்கச் சொல்லிவிட்டேன். வாங்கச் சொல்லிப் போன அதே வகுப்புகள்தான். அந்தப் பெண் திரும்பி வந்திருக்கிறாள், முதல் வரிசையில் உட்கார்கிறாள். அவளும் தன் புத்தகத்தில் அடித்தாள். என்னால் ஒரு பள்ளிக்கூடத்தில்தான் முடியும். மற்ற ஊர்களுக்கு எழுதியிருக்கிறேன், பதில் இல்லை. பார்க்கிறவர்களுக்கு நான் யாரோ ஒரு டீச்சர்.

அண்ணன் இரவில் தூங்குகிறாரா? நீங்கள் நேரத்துக்குச் சாப்பிடுங்கள். நீங்கள் கூப்பிடுகிற அன்று வருவேன்.

பாப்பா


ஜனவரி 24

அன்புள்ள பாப்பாவுக்கு,

சுகமாக இருக்கிறாயா? முழங்கால் எப்படி இருக்கிறது? இங்கே நான் நடமாடிக்கொண்டிருக்கிறேன்.

உன் கடிதம் வந்த அன்று பதில் எழுத மனமில்லை. ஆனால் ‘நான் யாரோ ஒரு டீச்சர்’ என்று எழுதியிருந்தாயே, அது உறுத்திக்கொண்டே இருந்தது. இந்த ஊர்ப் பிள்ளைகளுக்கு உன் அண்ணன் யாரோ இல்லையே.

அவர் அந்த வரியை மறுநாளே மறந்துவிட்டார். நான் மறுபடியும் புத்தகத்தைப் பிரித்து, தேநீரோடு கையில் கொடுத்தேன். படித்தார். முதல் தடவை படிக்கிற மாதிரியே எழுந்து நின்று, “எந்த மடையன் எழுதினான் இதை?” என்றார். வாங்க, போய் அடிச்சுட்டு வருவோம் என்று சிவப்புப் பேனாவை நீட்டினேன். செருப்பைக்கூட ஒழுங்காக மாட்டாமல் கிளம்பிவிட்டார்.

அன்று முதல் தினமும் காலையில் அப்படித்தான். நான் கொடுப்பேன், அவர் திட்டுவார், இருவரும் கிளம்பிப் பள்ளிக்கூட வாசலுக்கோ பஸ் நிறுத்தத்துக்கோ போவோம். கட்டின புருஷன் தன்னைத் தானே மடையன் என்று திட்டுவதை, திட்ட வேண்டும் என்று நானே ஏற்பாடு செய்து, பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன். வேறு வழி எனக்குத் தெரியவில்லை. ஆத்திரத்தோடு நடக்கும்போது அவருக்குத் தள்ளாட்டமே இல்லை. வழி மட்டும் நான் சொல்ல வேண்டும்.

முதலில் பிள்ளைகள் சிரித்தார்கள். அப்புறம் வரிசையில் நின்றார்கள். அவர் அந்த வரியை அடிப்பார். கை நடுங்குவதால் சரியான வரியைக் கீழே நான் எழுதுவேன். பக்கத்து ஊர் டியூஷன்காரர்கள் கேள்விப்பட்டுக் கட்டுக் கட்டாகக் கொண்டு வந்து கொடுத்தார்கள்.

ஒரு பையன் கேட்டுவிட்டான்: “சார், இது நீங்க எழுதின புக்குதானே?” அவர் புத்தகத்தை மூடி அட்டையைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

“சுருக்கு சார்னு போட்டிருக்கு. உங்களுக்குத் தெரிஞ்சவரா?”

“தெரிஞ்சவர்தாங்க. நல்ல மனுஷன்.”

“நல்ல மனுஷனா? நல்ல மனுஷன் ஒரு தடவை படிச்சுப் பார்த்திருப்பான்.”

அந்தப் பையன் அதற்குப் பிறகு தினமும் வந்து அவர் பக்கத்தில் குடை பிடித்துக்கொண்டு நின்றான்.

போன செவ்வாய்க்கிழமை வழக்கம்போல் புத்தகத்தைக் கொடுத்தேன். படித்தார். தேநீரைக் குடித்து முடித்தார். நான் பேனாவோடு நின்றுகொண்டிருந்தேன். மறுபடியும் படித்துவிட்டுப் புத்தகத்தை என்னிடமே நீட்டினார்.

“சரியாத்தானே இருக்கு.”

“நல்லாப் பாருங்க. எதுல எதை ஊத்தணும்?”

“எதுல ஊத்தினா என்னங்க? ரெண்டும் தண்ணி மாதிரிதானே இருக்கும்.”

மறுநாளும் கொடுத்துப் பார்த்தேன். அதற்கு மறுநாளும். திட்டமாட்டாரா என்று அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தேன். இதற்கு முன்னால் நான் எந்தச் சாமியிடமும் இப்படி வேண்டியதில்லை.

இப்போது கதவை வெளியில் பூட்டிவிட்டு நான் மட்டும் போகிறேன். சார் வரலையா என்கிறார்கள். நேற்று ஒரு சின்னப் பெண், “மாத்தி ஊத்தினா என்ன ஆகும் ஆன்ட்டி?” என்று கேட்டாள். நீ ஜூலையில் எழுதியிருந்ததை அப்படியே சொன்னேன். தண்ணீர் சீறும், அமிலத்தை மேலே வாரி அடிக்கும், ஒரு பெண்ணுக்குக் கண் போய்விட்டது என்று. அவள் முகம் வெளிறிவிட்டது. இனி மறக்க மாட்டாள்.

தேர்வு முடியும்வரை நான் போக வேண்டும். பூட்டிய வீட்டுக்குள் அவர் கதவைத் தட்டிக்கொண்டே இருக்கிறார் என்று கீழ்வீட்டுக்காரர் சொல்கிறார். கூப்பிடுகிற அன்று வருவேன் என்றாயே, கூப்பிடுகிறேன், வா.

நீ வரும்போது கதவு திறந்திருக்கும். கூடத்தில்தான் உட்கார்ந்திருப்பார். யார் என்று கேட்பார். சொல்லிவிட்டு உள்ளே வா.

அண்ணி